கல்லைக் கழுவினேன், கோழியை வெட்டினேன்

ஜமுனாமரத்தூருக்கு ஏறி வந்த பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் பின்னால் உருண்டு, ஒரு நாவல் மரம் தாங்கிப் பிடித்ததால் பஸ் நிறைய ஆள் பிழைத்தார்களே, அந்த வைகாசிக்கு அடுத்து வந்த மாசி மாசம் நடந்தது இது. அந்தப் பஸ்ஸில் நானும் இருந்தேன். எல்லோரும் இறங்கியும் ஒரு அம்மா மட்டும், பலாப்பழத்தை விட்டுவிட்டு இறங்க மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்ல வரவில்லை. வருஷம் எனக்குச் சொல்லத் தெரியாது என்பதற்காகச் சொன்னேன். எழுபத்தெட்டாகவோ ஒன்பதாகவோ இருக்கும் என்று நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் சொல்கிறார். ஊருக்கு ஊர் மணியக்காரர் இருந்த காலம், வி.ஏ.ஓ. இன்னும் வரவில்லை.

நீங்கள் கிராம உதவியாளர் என்று வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் அதற்குத் தலையாரி என்று பேர். வேலை அதேதான். தாலுகா ஆபீஸ் ஓலையை வீடு வீடாகச் சேர்ப்பது, வரி கேட்டுத் திட்டு வாங்குவது, எங்காவது பிணம் கிடந்தால் போலீஸ் வரும்வரை காவல் இருப்பது. போன வாரம் உங்களில் ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "தாத்தா, பொணத்துக்கெல்லாம் காவல் இருந்திருக்கீங்களாமே, துப்பறியும் கதை மாதிரி ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டது. கதை மாதிரி நடத்தப் போய்த்தான் ஒருவன் அஞ்சு மாசம் ஜெயிலில் கிடந்தான். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

அடிவாரத்து ஸ்டேஷனுக்கு அந்த வருஷம் ஒரு எஸ்.ஐ. வந்திருந்தார். இளவயது. கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை அவரைத் திட்டிக்கொண்டே கேட்பீர்கள். திட்டுவதற்கு வேறு ஆள் இருக்கிறான். அவருக்குத் துப்பறியும் கதைப் பைத்தியம். வேலூரில் பழைய புத்தகக் கடையில் கட்டுக்கட்டாக வாங்கி வருவார். அட்டை இருக்காது. முன்னால் பத்துப் பக்கம் போயிருக்கும். வெள்ளைக்காரர்களின் பழைய கதைகளைத் தமிழில் ஆக்கினவையாம். அதில் வருகிறவன் யாரையும் அடிக்க மாட்டான். ஒரு துளி ரத்தம், ஒரு சிட்டிகை மண், செருப்பில் ஒட்டின ஒரு இலை, இதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, கொலைகாரன் இடது கைக்காரன், மூக்குப்பொடி போடுகிறவன் என்று சொல்லிவிடுவான்.

நம் எஸ்.ஐ.யும் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் வைத்துக்கொள்வாரே, அந்தக் கண்ணாடி ஒன்று. கால் தடத்தில் கரைத்து ஊற்ற, ஆஸ்பத்திரியில் கை முறிந்தால் கட்டுப் போடுகிற வெள்ளை மாவு ஒரு டப்பா. ரேகை எடுக்க, முகத்துக்குப் போடுகிற பவுடர். காலி மருந்து பாட்டில்கள், ஒரு டேப்பு. ஜீப் ஏறாத பாதையில் அந்தப் பெட்டி என் தலையில் இருக்கும். அவர் முன்னால் நடந்து கதை சொல்லிக்கொண்டே போவார்.

"தலையாரி, இந்தப் பெட்டி இருந்தா சாட்சியே தேவை இல்லய்யா. பொருளே பேசும்."

"பேசட்டுங்க. கொஞ்சம் மெதுவா நடங்க, கழுத்து போவுது."

அந்த மாசியில் எங்கள் ஊர் கரியான் செத்துப்போனார். ஐம்பது வயது இருக்கும். அவருக்கும் அவர் தம்பி சடையனுக்கும் இடையில் வரப்பில் ஒரு புளியமரம். எவன் உலுக்குவது, எவன் பொறுக்குவது என்று வருஷா வருஷம் சண்டை. அந்த வருஷம் சந்தையில் வைத்தே சடையன், "உன் தலைய வெட்டி இந்த மரத்துக்கே எருவா போடறேன்"ன்னு கத்தியிருந்தான். எங்கள் மலையில் அப்படிக் கத்துகிறவன் அடுத்த நாள் வந்து கூழ் வாங்கிக் குடிப்பான். கீழே இருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது.

காலையில் ஆடு மேய்க்கப் போனவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்து, கரியான் புளியமரத்தடியில் கிடக்கிறார் என்று சொன்னார்கள். நான் போனேன். மரத்தடியில் ஒரு சப்பட்டைக் கல் உண்டு, இரண்டு பேர் உட்காரலாம். அந்தக் கல்லின் மேல் தலை வைத்துக் கிடந்தார். நெற்றிக்கு மேலே நீளமாகப் பிளந்திருந்தது. கல் முழுக்க ரத்தம். சுற்றிலும் உதிர்ந்த புளி. மேலே ஒரு கிளை முறிந்து பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. மரத்திலிருந்து விழுந்து மண்டை கல்லில் மோதியிருக்கிறது. பார்த்தால் குழந்தைக்கே தெரியும்.

போலீசுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். அப்புறம் நான் செய்ததைக் கேளுங்கள்.

மலைக்கு அதிகாரி யார் ஏறி வந்தாலும், அவர் வருகிற இடத்தைக் கூட்டிச் சாணம் தெளித்து வைக்க வேண்டும் என்பது என் அப்பா எனக்குச் சொன்னது. அவரும் தலையாரி. வரிக் கணக்குப் பார்க்க ஜமாபந்திக்கு வந்தாலும் அதுதான், அம்மை ஊசி போட வந்தாலும் அதுதான். பிணத்துக்கு வேறு விதி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கரியான் மேல் வெயில் ஏறுகிறதே என்று அவரை எட்டடி தள்ளி, உழுத மண்ணில் நிழலில் கிடத்தி வேட்டியால் மூடினேன். புளியைக் கூட்டி ஓரம் தள்ளினேன். முறிந்த கிளை அதிகாரி தலையில் விழப்போகிறது என்று அதை இழுத்துப் போட்டேன். இரண்டு குடம் தண்ணீரில் சாணி கரைத்துச் சுற்றிலும் தெளித்தேன். எஸ்.ஐ. உட்கார வேறு இடம் இல்லையே என்று அந்தக் கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, அதன்மேலும் சாணிப்பால் மெழுகினேன். ஒரு நாள் கூலி வேலையை அரை நாளில் முடித்துவிட்டுப் பெருமையாக நின்றேன்.

எஸ்.ஐ. வந்தார். பெட்டியை இறக்கச் சொன்னார். சுற்றிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"யார்யா இங்க சாணி தெளிச்சது?"

"நான்தாங்க. ஐயா வர்றீங்கன்னு."

"கால் தடமெல்லாம் எங்கய்யா?"

"கூட்டிட்டேங்க. சுத்தமா கீது பாருங்க."

அவர் திட்டின திட்டை எழுதச் சொல்ல மாட்டேன். மணியக்காரர் பக்கத்தில் நிற்கிறார், ஊர்ச் சனம் முழுக்க நிற்கிறது. இருபது வருஷ வேலையில் என்னை அப்படி யாரும் பேசினதில்லை. "இனிமே ஒரு வார்த்த பேசின, வேலையத் தூக்கிடுவேன்"ன்னு முடித்தார். நானும் வாயை மூடினேன். அங்கேதான் தொலைந்தது. சாணி தெளித்தது தெரியாமல் செய்த தப்பு. வாயை மூடினது தெரிந்தே செய்த தப்பு.

ஊர்க்காரர்கள், "மரத்துல இருந்து வுழுந்துட்டாருங்க"ன்னு சொன்னார்கள். எஸ்.ஐ. அந்தக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"வுழுந்தான்னா எங்கய்யா மோதினான்? பொணம் கெடக்கறது உழுத மண்ணு. பஞ்சு மாதிரி கீது. அதுல வுழுந்தா மண்ட பிளக்குமா? இது வெட்டு."

மோதின கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எங்கே மோதினான் என்று கேட்கிறார். நான் பக்கத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்புறம் கீழே ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் வந்தார். வயதானவர், வீசிங் உள்ளவர், நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து ஏறி வந்தார். வந்ததும் தரையைப் பார்த்தார்.

"கல்யாண வூடு மாதிரி மெழுகி வெச்சிருக்கீங்க. மாப்ள எங்க?"

நான்கு வேட்டியைத் திரையாகக் கட்டி அங்கேயே அறுத்துப் பார்த்தார். முடித்துக் கை கழுவும்போது எஸ்.ஐ.யிடம் சொன்னார். "எலும்பு மேல இருக்கற தோலு கல்லுல மோதினாலும் கத்தியால வெட்டின மாதிரிதான் பிளக்கும். மழுங்கின கொடுவாளாவும் இருக்கலாம், கல்லாவும் இருக்கலாம். கல்லு இல்லன்றீங்க. அப்ப கொடுவாளக் கொண்டாங்க, பாக்கலாம்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மொதல்ல பாத்தது நீதானே? இதே எடத்துலதான் கெடந்தானா?"

எஸ்.ஐ. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

இரண்டு எழுத்து கூடத் தெரியாதவன் நான். ஒரே சொல்லில் ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பினேன்.

சடையன் வீட்டுக்குப் போனோம். கொடுவாள் கூரையில் செருகியிருந்தது. அலகு முழுக்கச் சிவப்பு, ஓரத்தில் காய்ந்து கறுத்திருந்தது. எஸ்.ஐ. கைக்குட்டையால் பிடித்து எடுத்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"சாமி, அது வேங்கைப் பாலு. ஆட்டுக்குத் தழை கழிச்சேன்"ன்னு சடையன் சொன்னான்.

வேங்கை மரத்தை வெட்டினால் ரத்தம் மாதிரி பால் ஒழுகும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். அதைக் காய்ச்சித்தான் குழந்தைக்குப் பொட்டு வைக்கிறோம். நானும் வாய் பொறுக்காமல், "ஆமாங்க, வேங்கைதாங்க" என்றேன்.

"நீ இன்னா, கெமிஸ்டா?" என்றார். "மெட்ராசுக்கு அனுப்புவோம். அங்க மெஷின் சொல்லும், வேங்கையா ரத்தமான்னு."

அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இருந்தது. மெஷின் பொய் சொல்லாது, வேங்கை என்று வந்துவிடும், சடையன் வந்துவிடுவான், நான் கல்லைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். ஒரு மனுஷன் தன் சோம்பேறித்தனத்துக்கும் பயத்துக்கும் எதையெல்லாம் துணைக்குக் கூப்பிடுவான் பாருங்கள். நீங்களும் கூப்பிடுவீர்கள். "அதான் கேமரா இருக்கே, அதான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே" என்பீர்கள்.

பொழுது சாயும்போது எல்லோரும் பாரஸ்ட் பங்களாவுக்கு வந்தோம். எஸ்.ஐ. கொடுவாளை வராந்தாவில் பேப்பர் விரித்து வைத்தார். பிடியில் பவுடரைக் கொட்டி ஊதினார், அவருக்கே தும்மல் வந்தது. "தலையாரி, இத்த ஒருத்தனும் தொடக் கூடாது. நீதான் காவல்"ன்னு சொல்லிவிட்டு, குளிக்கப் போகும்போது திரும்பி, "சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழி"ன்னார்.

கோழி வந்துவிட்டது. பங்களா வாட்ச்மேன் சமையல் கட்டைப் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டான். கத்தி இல்லை, அரிவாள்மனை இல்லை. ஒருத்தனும் தொடக் கூடாது என்றால் மற்றவர்கள் தொடக் கூடாது, காவல்காரன் நான் தொடலாம் என்றுதான் எனக்குப் பட்டது. எங்கள் ஊரில் யார் வீட்டுக் கொடுவாளையும் யாரும் எடுப்போம், வேலை முடிந்ததும் வைப்போம். எடுத்தேன். கோழியை அறுத்தேன், துண்டு போட்டேன். புல்லில் துடைத்தேன். பவுடர் போயிருந்தது, கொஞ்சம் சாம்பல் தூவி, அதே பேப்பரில் அதே திக்கில் வைத்தேன். நான் ஏதோ தப்பு செய்தேன் என்று நினைத்து அப்படி வைக்கவில்லை. இருந்தது இருந்தபடி வைக்க வேண்டும் என்கிற ஒழுங்கு அது.

எஸ்.ஐ. சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டார். ஏப்பம் விட்டுக்கொண்டே மகஜர் எழுதினார். பொருளைக் கைப்பற்றும்போது சாட்சி வைத்து எழுதுகிற காகிதம் அது. மணியக்காரர் கையெழுத்துப் போட்டார். என் கட்டை விரலில் மை தடவி அமுக்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதில் "இரத்தக் கறை படிந்த கொடுவாள்" என்று இருந்ததாம். வேங்கை என்று வாயால் சொன்னவன், ரத்தம் என்று விரலால் சொல்லிவிட்டேன். எஸ்.ஐ. மலையெல்லாம் ரேகை தேடினாரே, சடையனைக் கட்டிப்போட்ட ரேகை என்னுடையதுதான்.

சடையனைக் கொண்டுபோனார்கள். அவன் பெண்டாட்டி பொன்னி ஜீப்புக்குப் பின்னால் ஓடவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, நீதானே மொதல்ல பாத்த. நீ ஒண்ணும் சொல்லலியா?" என்றாள். நான், "மெட்ராஸ்ல இருந்து கடுதாசி வரும்மா" என்றேன்.

கடிதம் வர மூன்று மாசம் ஆனது. வைகாசியில் எஸ்.ஐ. என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். காகிதத்தை ஆட்டிக் காட்டினார்.

"பாத்தியாய்யா? வேங்கைப் பாலுன்னியே. கொடுவாள் பிடியில மாட்டின பூண்ல ரத்தம் இருக்குதுன்னு எழுதியிருக்கான். இது மனுஷ ரத்தமா இன்னான்னு இன்னொரு பரிச்சை பாக்கணும், அது வேற எடம். வந்துடும். நான் சொன்னேனே, ரத்தம் பேசும்யா."

மெஷின் பொய் சொல்லாது என்று நம்பினேனே, அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அந்தப் பூணில் ரத்தம் இருந்தது. கோழியை இரண்டாகப் பிளந்தபோது கை வழுக்கிப் பூண் வரை நனைந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரத்தம் இருந்த இடத்தில் கழுவினேன். இல்லாத இடத்தில் வைத்தேன். இனி ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எவன் கண்டுபிடிப்பான்?

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்தவன் பஸ் ஏறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஒரு குழந்தைக்குக் காது பார்த்துக்கொண்டிருந்தார். காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கல், சாணி, எட்டடி, ஆமாங்க, கோழி. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோழி வந்ததும் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"ரத்தம் பேசும்னு சொன்னாரா உங்க எஸ்.ஐ.?"

"ஆமாங்க."

"பேசட்டும். அடுத்த கடுதாசில கொக்கரக்கோன்னு பேசும்." அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "ஆனா அது பத்தாது. இந்தக் கொடுவாள் இல்லன்னா வேற கொடுவாள்னு சொல்லுவாங்க. பழைய ரத்தம், சரியா தெரியலன்னு வந்தாலும் வரும். கல்லு எங்க?"

"அங்கயேதாங்க."

"மேல கழுவின. கீழ?"

"கீழ எதுக்குங்க கழுவறேன்? கீழ யார் உக்காரப் போறாங்க?"

"கல்லுல வெடிப்பு ஏதாவது உண்டா?"

நடுவில் ஒரு வெடிப்பு உண்டு. சாணிப்பால் அதை மேலாக அடைத்துவிட்டது. அதைச் சொன்னேன்.

"போ. நாளைக்கோ நாளான்னிக்கோ எஸ்.ஐ.யை அனுப்பறேன். அவர் வந்து திருப்பட்டும். அதுவரைக்கும் நீ காவல். தலையாரி, நான் சொல்றதக் கேட்டுக்கோ. இந்த ஒரு தபாவாவது தொடாத. கீழ இன்னா கீதுன்னு எட்டிக் கூடப் பாக்காத. நீ பாத்துட்டன்னா, நீதான் வெச்சேன்னு ஆயிடும்."

வாசல்வரை வந்தவனைத் திரும்பக் கூப்பிட்டார். "அந்தக் கதைங்கள நானும் படிச்சிருக்கேன்யா. எல்லாக் கதையிலயும் அந்த ஆளு வந்ததும் மொத மொத ஒண்ணு கேப்பான், இங்க யார் எதத் தொட்டீங்கன்னு. மொத பத்துப் பக்கத்துக்குள்ள வந்துடும். உங்க எஸ்.ஐ. புஸ்தகத்துல அதுதான் கிழிஞ்சி போயிருக்குது."

இரண்டு நாள் அந்தக் கல்லுக்குக் காவல் இருந்தேன். பிணத்துக்குக் காவல் இருப்பது சுலபம். கீழே ஒன்றும் இல்லாவிட்டால் என் வேலையும் போய், சடையனும் வர மாட்டான். கோடை மழை வேறு இரண்டு தரம் பெய்திருந்தது. கை துறுதுறு என்கிறது. கொஞ்சமாகத் தூக்கி ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று நூறு தரம் தோன்றியது.

முதல் நாள் பொன்னி விறகோடு அந்த வழியாக வந்தாள்.

"இன்னா மாமா, கல்லுக்குக் காவலா? ஓடிடப் போவுதா?"

சொல்லிவிட்டேன். எஸ்.ஐ.யிடம் சொல்வதைவிட இது கஷ்டமாக இருந்தது. விறகுக் கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே முழுக்கக் கேட்டாள்.

"மூணு மாசமா தெரியும் உனக்கு."

"ம்."

"நான் உன் வூட்டுக்கு எத்தினி தபா வந்தேன். கடுதாசி வரும் கடுதாசி வரும்னு சொல்லி அனுப்பின. அப்பவும் உனக்குத் தெரியும்."

"ம்."

விறகைப் போட்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கல்லுக்கு அந்தப் பக்கம் போய், எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"எதுக்கும்மா?"

"நீ தொட்டுடுவ. உன் கைய நான் நம்ப மாட்டேன்."

அன்றைக்கும் அடுத்த நாளும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கொசு அடிக்கக் கை தூக்கினால் கூட, "மாமா" என்பாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து என்னை அப்படி ஒருவர் மேற்பார்வை பார்த்ததில்லை. பார்த்திருந்தால் உருப்பட்டிருப்பேன்.

எஸ்.ஐ. வந்தார், டாக்டரும் மணியக்காரரும் கூட வந்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கோழி வரை சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அந்தக் கல்லையே பார்த்தார்.

"இதுலதானேய்யா நான் உக்காந்திருந்தேன்" என்றார்.

கடப்பாரை போட்டுத் திருப்பினார்கள். வெடிப்பு அடிவரைக்கும் போயிருந்தது. அடியில், வெடிப்பின் இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. வெடிப்பின் விளிம்பில் இரண்டு நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "நீ மெழுகினதுதான்யா மழைத் தண்ணி உள்ள போவாம காப்பாத்தியிருக்குது. சாணிக்கு ஒரு கும்பிடு போடு" என்றார். பொன்னி விறகை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

எஸ்.ஐ.க்குப் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. டேப்பை எடுத்தார், அளந்தார், முடியை பாட்டிலில் போட்டார். அதே கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து மகஜர் எழுதினார். என் விரலுக்கு மை எடுத்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"படிச்சிக் காட்டுங்க."

"இன்னாய்யா?"

"எழுதினதப் படிச்சிக் காட்டுங்க."

படித்தார். எஸ்.ஐ. ஆகிய நான் சந்தேகத்தின்பேரில் மீண்டும் இடத்தைப் பார்வையிட்டதில் என்று போனது. அவர் கண்டுபிடித்ததாகவே இருந்தது. எழுதிக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

"நான் கல்லக் கழுவினது எங்கங்க? பொணத்த நவுத்தினது? கோழி?"

"அத்தெல்லாம் எதுக்குய்யா? எழுதினா உன் வேலை போவும். என் பேரும் நாறும்."

"கோழி நீங்கதானேங்க சாப்பிட்டீங்க. எழுதுங்க. அது இல்லன்னா ரேகை இல்ல."

மணியக்காரர் என் முதுகில் கிள்ளினார். எஸ்.ஐ. டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. அந்தக் காகிதத்தைக் கிழித்தார். வேறு காகிதம் எடுத்து முதலிலிருந்து எழுதினார். கோழிக்கு ஒரு வரி, சாணிக்கு இரண்டு வரி. முழுக்கப் படித்துக் காட்டினார். அப்புறம் கையை நீட்டினேன். அதனால்தான் அவரைக் கெட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

ஆடியில் கடிதங்கள் வந்தன. கொடுவாளில் இருந்தது பறவை ரத்தம், கல்லில் இருந்தது மனுஷ ரத்தம், முடி கரியானுடையது போலவே இருக்கிறது என்று வந்தது. சடையனை விட்டார்கள். அஞ்சு மாசம். அந்த வருஷப் புளி முழுக்க மரத்தடியிலேயே மக்கிப் போனது, ஆடுகள் போய்விட்டன, கடைசிப் பிள்ளைக்கு அப்பனை அடையாளம் தெரியவில்லை. என்னைக் கொஞ்ச காலம் சஸ்பெண்டில் வைத்தார்கள். அது நியாயம். எஸ்.ஐ. வேறு ஸ்டேஷனுக்குப் போனார். போகும்போது அந்தத் தகரப் பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். என் வீட்டில் அதில் சாமை விதை இருக்கிறது.

சடையன் ரொம்ப காலம் என்னோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் ஒதுங்கிப் போவான். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை, கொடுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது. பல வருஷம் கழித்து ஒரு நாள், ஓலை கொடுக்க அவன் வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. தின்ன ஒரு பலாப்பழத்தை உருட்டிவிட்டான். அறுக்கக் கொடுவாளை என் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு, விடாமல் கொஞ்சம் பிடித்திருந்தான்.

"பாத்து மாமா. கோழி கீழி வெட்டிடப் போற."

உள்ளே பொன்னி சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழத்தை அறுத்துவிட்டு, கொடுவாளை அவன் கண் முன்னால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

இவ்வளவுதான். எழுதுகிறவர் இப்போது இதை முழுக்கப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் எனக்கு வலிக்கக் கூடாது என்று மாற்றி எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொல்லி, நான் சொன்னபடியே போடவைத்தேன். அப்புறம்தான் ரேகை வைத்தேன். உங்களுக்கு அடுத்து இந்த வேலைக்கு யார் வந்தாலும், முதல் பிணம் விழுவதற்கு முன்னால் இதை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முன் பக்கம் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் "ஆமாங்க" என்று சொன்ன இடத்தை யாராவது வேகமாகத் தாண்டினால், நிறுத்தி இன்னொரு தரம் படிக்கச் சொல்லுங்கள்.